நிறுத்தல்

செவ்வாய் மாலை ஆறு. ஜூன் மாத இன்வர்கார்கிலில்
ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது.
தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை.
ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிச்
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்,
காதால் கணக்கெடுக்க.

ஓடி வா. எகிறிப் பிடி. இறங்கி நில்.
பாடம் இவ்வளவுதான்.
வலைப்பந்தில் பந்து கைக்கு வந்ததுமே
ஓட்டம் குற்றமாகிவிடும்.
முதலில் ஊன்றிய கால் எழுந்து
மறுபடி தரை தொட்டால் நடுவர் ஊதுவார்.
முழங்காலுக்குள்ளும் ஒரு விசில் உண்டு.
அது ஊதுவது அநேகமாக ஒரே முறை.

டப்!
ப்ரான்வின். விறைத்த கால்களோடு
பலகைத் தரையை அறைந்து இறங்குகிறாள்.
"கதவைச் சாத்தினது யாரு?" என்கிறேன்.
சிரிக்கிறார்கள். அவள் மட்டும் இல்லை.
ட-டப்.
வாய்மரியே. வலது பாதம் முந்திக்கொள்கிறது,
இடது முழங்கால் உள்ளே சாய்ந்திருக்கும், பார்க்கவே வேண்டாம்.
பிறகு ஆலங்கட்டி மட்டும்.
"சினாலெய், குதிக்கலையா?"
"இறங்கி அஞ்சு விநாடி ஆச்சு."
எண்பத்தாறு கிலோ.
மீன் ஆலையில் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து வந்தவள்
தன்னையே ஒரு மாவு மூட்டையாய்
உறங்கும் குழந்தைக்குப் பக்கத்தில்
இறக்கி வைத்திருக்கிறாள்.

இதைக் கற்றுக்கொள்ள யாரும் சந்தா கட்டவில்லை.
இருபது மீட்டருக்கு எத்தனை நொடி என்றால்
ஒவ்வொருத்தியும் தசமப் புள்ளியோடு ஒப்பிப்பாள்.
நிற்க எத்தனை அடி வேண்டும் என்றால்
மேலே விளக்கை எண்ணுவார்கள்.

இடுப்பைத் தாழ்த்து என்பேன்.
பின்னால் நாற்காலி இருப்பதாக நம்பு.
ஒரே குதிகாலில் எல்லாவற்றையும் கொட்டாதே,
சின்னச் சின்ன அடியாய்ச் செலவழி வேகத்தை,
மாதக் கடைசிக் காசு மாதிரி.
மூன்று பருவமாய் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் தண்ணீர் குடிக்கும்போது
வாய்மரியே சொன்னாள். அவள் ப்ளஃப் துறைமுகத்துக்கு
மரம் ஏற்றிப் போகும் லாரியின் ஓட்டுநர்:
"சிவப்பு விளக்குக்கு முன்னால நான் லாரியை நிறுத்துறதில்ல.
அதுக்கு முந்தின ஊர்லயே
நிறுத்த ஆரம்பிச்சிடறேன்.
எவ்வளவு ஏத்தியிருக்குன்னு தெரியாம
பிரேக்கை நம்பக் கூடாது."

நிறுத்துப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.
பலகையில் எழுதியிருந்ததை அழித்தேன்.
ஒரு லாரி வரைந்தேன்.
பன்றி மாதிரி இருக்கிறது என்றாள் சினாலெய்.

தெரேஹியாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள்.
தாழ்ந்தாள், மெல்ல இறங்கினாள்,
என் முதுகுக்குப் பின்னால் எப்போதும் அவளுக்குச் சத்தமே இல்லை.
விண்டனில், உலர்ந்த தரையில்,
எதிராளி எவளும் அருகில் இல்லாதபோது
போயிற்று.
மாடியில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது.
பயிற்சி ஆபத்தைக் குறைக்கும்; பத்திரம் எழுதித் தராது.
இப்போது அவள் ஆட்டக் குறிப்பேடு எழுதுகிறாள்,
காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு.

சனிக்கிழமை, கோர் அரங்கம், மூன்றாம் கால்பகுதி.
இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம்.
ப்ரான்வின் குறுக்கே பாய்ந்து
அவர்களின் பந்தைக் காற்றிலேயே பறித்தாள்.
தரைக்கும் அவளுக்கும் நடுவே
முழு ஓட்டமும் இன்னும் மிச்சமிருந்தது.

அரங்கம் கத்தியது.
"கேட்டுச்சா?" என்றேன் தெரேஹியாவிடம்.
"இல்ல. உனக்கு?"
"இல்ல."
பந்துப் பறிப்புக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.
மற்றதற்கு அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

ஒரு புள்ளியில் தோற்றோம்.
வேனில் ஏறும்போது ப்ரான்வின் மூச்சு வாங்கக் கேட்டாள்,
"நான் பறிச்சதைப் பார்த்தியா?"
கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று
எப்படிச் சொல்ல?
"ம்" என்றேன்.